சொந்த விருப்பத்தின் பேரில்

பதினோரு மணிக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். பதினொன்று இருபது ஆகிறது, கதவு மூடியே இருக்கிறது. உள்ளே மூன்று பேர் இருக்கிறார்களாம், ஒரு வயசான டாக்டர், ஒரு பெண் அதிகாரி, அப்புறம் காலையில் என்னிடம் பேசின அந்தச் சின்னப்பெண், கழுத்தில் நீலக் கயிற்றில் ஆஸ்பத்திரி அட்டை தொங்கவிட்டிருந்தவள். கேமராவும் இருக்குமாம். நான் பேசுவதையெல்லாம் படம் பிடித்து வைப்பார்களாம், சட்டம் அப்படியாம். "ஒண்ணும் பயப்படாதே சுகுணா, உங்க சொந்த விருப்பத்துலதான் தர்றீங்களான்னு கேப்பாங்க, ஆமாங்கன்னு சொல்லிடு, அவ்வளவுதான்" என்று அண்ணி நேற்றிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள். ஆமாங்க. என்ன கஷ்டம் இதில். நாற்பத்தொரு வயதில் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன், ஆமாங்க, என் அண்ணனுக்கு என் சிறுநீரகத்தில் ஒன்றை, ஆமாங்க, என் சொந்த விருப்பத்தில், ஆமாங்க, யாரும் வற்புறுத்தவில்லைங்க. நன்றாகத்தான் வருகிறது. ஆனால் சொல்லச் சொல்ல நாக்கு தடித்துக்கொண்டு வருகிறது, பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி. இந்த இரும்பு நாற்காலி ஜில்லென்று முதுகில் ஏறுகிறது. எதிர்ச் சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடுகிறது, யாரோ ஒருத்தி வாயை அசைத்து அசைத்து ஏதோ கிளறுகிறாள். இடது பக்கத்தைத்தான் எடுப்பார்களாம். என்னையறியாமல் என் கை அங்கேயே போய்ப் போய் நிற்கிறது, விலா எலும்புக்குக் கீழே, சேலை மடிப்புக்குள்ளே, ஏதோ திருடி ஒளித்து வைத்திருக்கிற மாதிரி. கையை எடுத்து மடியில் வைக்கிறேன். மறுபடி போகிறது.

அந்தச் சின்னப்பெண் ஏன் அதைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு உள்ளே போய் ஆமாங்க சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஒன்பதரை மணிக்கு என்னை மட்டும் தனியாக ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள். கூட வரப்பார்த்த அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே உட்கார வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். "அக்கா, இங்க பேசறது வெளியில போகாது. உங்களுக்கு மனசு இல்லைன்னா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. டெஸ்டுல ஒத்துவரலைன்னு டாக்டர் உங்க வீட்டாளுங்ககிட்ட சொல்லிடுவாரு. நீங்க வேண்டாம்னு சொன்னது யாருக்கும் தெரியாது" என்றாள். நான் அவள் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு மனசு இருக்காக்கா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மனசு இருக்கா. எங்கே தேடுவது. இடது பக்கமா வலது பக்கமா. நான் சிரித்துவிட்டேன். "தெரியலம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "பதினோரு மணி வரைக்கும் யோசிங்க" என்றாள். அப்போது பிடித்த வினை, இதோ இரண்டு மணி நேரமாக இந்த நாற்காலியில் யோசிக்கிறேன், யோசிப்பது என்றால் என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தரலாம் என்று நினைத்தால் உடனே கை இடது விலாவுக்குப் போகிறது. வேண்டாம் என்று நினைத்தால் அண்ணன் முகம் வருகிறது. சரி தரலாம் என்றால் கை. வேண்டாம் என்றால் முகம். செக்குமாடு மாதிரி. இதற்கு நடுவில் எங்கேயோ நான் என்று ஒருத்தி இருக்கவேண்டும் அல்லவா, அவள் ஒரு வார்த்தை பேசவேண்டும் அல்லவா.

ஓட்டலுக்குப் போனால் சப்ளையர் வந்து நிற்பார், எல்லாரும் சொல்வார்கள், என்னிடம் வரும்போது நான் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பேன். அவங்களுக்கு என்னவோ அதே. துணிக்கடையில் பதினைந்து சேலையைப் பிரித்துப்போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன், கடைசியில் அம்மாவோ அண்ணியோ ஒன்றை எடுத்துக் கையில் திணிப்பார்கள், வீட்டுக்கு வந்த பிறகு எடுக்காத சேலை ஒன்று கண்ணிலேயே நிற்கும், அதை எடுத்திருக்கலாமோ, வாரக் கணக்கில் நிற்கும். பஸ்ஸில் ஜன்னல் ஓரமா இந்தப் பக்கமா என்று யாராவது கேட்டால் நின்றுகொண்டே வந்துவிடுவேன். ஆனால் கம்பெனியில் நான் அப்படி இல்லை, அதுதான் எனக்கே புரியாதது. பன்னிரண்டு வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். பீஸ் வரும், விரிப்பேன், தையல், கறை, ஓட்டை, ஒரே பார்வை. பாஸ். ஆல்டர். ரிஜெக்ட். ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ், தொள்ளாயிரம் பீஸ், கை தானாகப் பிரித்துப் போடும். சூப்பர்வைசர் சொல்வார், சுகுணாக்கா ரிஜெக்ட் போட்டா அது ரிஜெக்ட்தான், ரெண்டாவது தடவை பார்க்க வேண்டாம். அந்த மேசையை விட்டு எழுந்து பஸ் ஏறினதும் நான் வேறு ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேஸை மூடினேனா. மூடினேன். மூடினேனா. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று மகள் சொல்கிறாள், கடைவாய்ப்பல் இரண்டு தேய்ந்துவிட்டது, நெஞ்செரிச்சலுக்கு வெள்ளை மருந்து பாட்டில் பாட்டிலாகக் குடித்திருக்கிறேன். தானம் தருவதற்கு உடம்பு தகுதியா என்று இங்கே மூன்று மாதமாக எல்லாவற்றையும் சோதித்தார்கள். இரத்தம், மூத்திரம், ஸ்கேன், இருதயம். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். "ரொம்ப ஆரோக்கியமா இருக்கீங்கம்மா" என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்தது. ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருக்கக் கூடாதா. அதுவே முடிவு சொல்லியிருக்குமே. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் பிரிக்கும்போது அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்படி என்றால் எனக்கு மனசில்லை என்றுதானே அர்த்தம். இல்லை, அர்த்தம் அதுவல்ல. ஒத்துவருகிறது என்று சொன்ன அன்றைக்கு அண்ணன் வீட்டில் அண்ணி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாளே, அப்போது எனக்குள்ளே ஏதோ ஒன்று நிறைந்ததே, அதுவும் நான்தானே.

அண்ணன் எனக்கு நேர் எதிர். சென்னியப்பன் என்றால் எங்கள் ஊரில் நின்றபடியே முடிவு சொல்கிற ஆள் என்று பேர். தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே தறியை விற்றுவிட்டு லாரி எடுத்தார். லாரியை விட்டுவிட்டுத் தேங்காய் வியாபாரத்தில் இறங்கினார். ஒரு தடவைகூட அப்புறம் இதைச் செய்திருக்கலாமோ என்று அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. படுத்தால் உடனே குறட்டை. நான் பத்தாவது முடித்தபோது பதினொன்றில் சேருகிற விண்ணப்பப் பாரத்தை அண்ணன்தான் வாங்கி, எந்தப் பாடம் எடுக்கவேண்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டம் போட்ட இடத்தில் டிக் அடித்தார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. அவர் முன்னால் சைக்கிளில் போவார், நான் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வேன், எந்தச் சந்தில் திரும்புவது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. என்னை நாய் கடித்தபோது மூன்று மைல் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினவர். அந்த வேகம்தான் அவரைக் கெடுத்ததும். எட்டு வருஷத்துக்கு முன்னால் பிரஷர் இருக்கிறது, தினமும் மாத்திரை போடுங்கள் என்று டாக்டர் சொன்னார். பத்து நாள் போட்டார். "எனக்கு நல்லாத்தான் இருக்குது, வேண்டாம்" என்று மாத்திரையைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தார். ஒரே நொடி. அவ்வளவுதான். அந்த ஒரு நொடி எட்டு வருஷம் உள்ளே இருந்து இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுகொண்டிருந்தது. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் படுக்கிறார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து வைத்திருக்கிறாள் அண்ணி. தாகத்துக்கு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார், நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, ஐஸ் கட்டி கரைந்துபோகும்போது முகம் சின்னப் பிள்ளை மாதிரி ஏமாந்து போகிறது. பாதம் வீங்கி செருப்பு நுழையவில்லை. தோல் சாம்பல் பூத்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு நான் இங்கே உட்கார்ந்து மனசு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன், நான் என்ன பிறவி.

இது எப்போது முடிவானது. யார் முடிவு செய்தார்கள். அதைப் பிடிக்கலாம் என்று பார்க்கிறேன், கையில் சிக்கமாட்டேன் என்கிறது. பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டில் எல்லாரும் இருந்தோம். அண்ணிக்குச் சர்க்கரை, எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு எழுபத்தொன்று. அண்ணன் பிள்ளைகள் சின்னது. அப்போது அம்மா, "சுகுணா இருக்கறா இல்ல" என்றாள். காய் வாங்கி வர யார் போவது என்கிற மாதிரி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்துக்கு வந்தது. அண்ணி எழுந்து வந்து என் தலையைத் தடவினாள். அடுத்த வாரம் அம்மா சித்தப்பாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், "சுகுணா குடுக்கறதா முடிவு பண்ணிட்டோம்." பண்ணிட்டோம். நான் கதவோரம் நின்று அதைக் கேட்டேன். அந்த 'ஓம்' யார். நாமா, நாங்களா. நாம் என்றால் அதற்குள் நான் இருக்கிறேன். நாங்கள் என்றால் நான் வெளியே நிற்கிறேன். 'பண்ணிட்டோம்' என்று சொல்லும்போது எது என்று எப்படித் தெரியும். மூன்று மாதமாக அந்த ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். என் வீட்டுக்காரர் நல்லவர். தேவராஜ் என்று பேர், அரசுப் பேருந்தில் நடத்துநர், வாய் அதிர்ந்து பேசமாட்டார். அவரிடம் போய், "ஏனுங்க, என்ன பண்றதுங்க" என்றேன். "உன் இஷ்டம் சுகுணா, உன் அண்ணன், நான் குறுக்க நிக்கமாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார். குறுக்கே நில்லுங்களேன் என்று நான் எப்படிக் கேட்பது. யாராவது ஒருத்தர் குறுக்கே நின்றிருந்தால் அவர் மேலே சாய்ந்து நான் அழுதிருப்பேன். அண்ணன் மட்டும் இதுவரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதமாக என் முகத்தையே சரியாகப் பார்ப்பதில்லை. எதற்கும் தயங்காத மனுஷர், நான் வந்தால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்கிறார்.

பதினொன்று நாற்பது. இந்த நாற்காலி வரிசையின் கடைசியில் நாலு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள், அண்ணன், அண்ணி, அம்மா, என் வீட்டுக்காரர். அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள், தைரியமாக இரு என்று. மயக்க மருந்து கொடுத்தால் நான் எழுந்திருக்காமல் போய்விட்டால். ஆயிரத்தில் ஒருத்தருக்குக்கூட அப்படி ஆகாது என்றார் டாக்டர். எண்ணூறு பீஸில் ஒன்றில் ஓட்டை இருக்கும், எனக்குத் தெரியும், என் கையில் விரித்துப் பார்த்திருக்கிறேன், அந்த ஒன்று எப்படியும் இருக்கும். என் மகள் தர்ஷினி பதினொன்றாவது படிக்கிறாள், அவளுக்கு அப்புறம் யார் டிக் அடிப்பது. அவள்தான் போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, உனக்கு ஓகேவா?" என்றாள். நான், "நீ போய்ப் படி" என்றேன். அவள் முகம் அப்படியே மூடிக்கொண்டது. எனக்குப் பதில் தெரியாததனால் அவளைத் துரத்தினேன். பதில் தெரியாமலே இருக்க அவளுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் குடிக்கவேண்டும் போல இருக்கிறது, எழுந்துபோனால் கூப்பிட்டுவிடுவார்களோ. அந்தச் சின்னப்பெண்ணிடம் சொல்லிவிடலாம். ஒத்துவரவில்லை என்று டாக்டர் சொல்லிவிடுவார். அம்மா அழுவாள், ஆனால் என்மேல் அழமாட்டாள். அண்ணி என் தலையைத் தடவி, நீ என்ன பண்ணுவே பாவம் என்பாள். எவ்வளவு சுலபம். அதை நினைத்தவுடனே உடம்பெல்லாம் இளகுகிறது, உள்ளங்கால்வரை இளகுகிறது, ஆகா, பாரத்தை யாரோ வாங்கிக்கொண்டு கட்டம் பார்த்து டிக் அடித்துவிட்டார்கள். அப்புறம் தினமும் அண்ணனைப் பார்க்கவேண்டும். ஒத்துவராத தங்கச்சியாக ஐஸ் கட்டி எடுத்துக்கொடுக்கவேண்டும். அவர் செத்துப்போனால் பந்தலில் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்வார்கள். ஐயோ. இல்லை. அதுவும் முடியாது. ஆமாங்க என்றே சொல்லிவிடுகிறேன். ஆமாங்க. ஆமாங்க.

"சுகுணா தேவராஜ்" என்று கூப்பிடுகிறார்கள். எழுந்தேன். உள்ளே ஏசி இன்னும் குளிர். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். கண்ணாடி போட்ட அந்தப் பெண் அதிகாரிதான் பேசினார். என் பேர், அண்ணன் பேர், எத்தனை பிள்ளைகள், என்ன வேலை. எல்லாவற்றுக்கும் எனக்கு விடை தெரிந்திருந்தது. ஒரு சிறுநீரகத்தோடு வாழ்வதைப் பற்றி டாக்டர் விளக்கினாரா, விளக்கினாருங்க. யாராவது உங்களை மிரட்டினார்களா, இல்லைங்க. யாராவது வற்புறுத்தினார்களா, இல்லைங்க. நிஜம்தான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. என்னை வற்புறுத்த வேண்டிய அவசியமே யாருக்கும் ஒரு நாளும் வந்ததில்லை. "சரிம்மா, இப்ப உங்க கையால ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்று ஒரு தாளைத் தள்ளினார். எழுதவேண்டிய வரியை அச்சடித்து மேலேயே கொடுத்திருந்தார்கள், பார்த்து எழுதினால் போதும். சுகுணா ஆகிய நான். எழுதினேன். என் சொந்த. எழுதினேன். அடுத்தது வி. விருப்பத்தின் பேரில். பேனா நின்றுவிட்டது. மை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பேனாவைத் திருப்பிப் பார்த்தேன். இந்த வரியை நான் முன்னாலேயே ஒரு தடவை எழுதியிருக்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில், பச்சைத் திரைக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ் அட்டையில் காகிதத்தைச் சொருகிக் கொடுத்தாள். எனக்கு அப்போது மூன்றாவது மாதம். மாமியார் விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தார், பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான், இப்போது வேண்டாம், அப்புறம் பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவாகியிருந்தது. முடிவாகியிருந்தது, மழை பெய்திருந்தது என்கிற மாதிரி. "உங்க விருப்பம்தானேம்மா?" என்று டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "ஆமாங்க டாக்டர்" என்று அவர் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் பெற்றுக்கொள்ளவில்லை. வரவேயில்லை. நான் யாரையும் குற்றம் சொன்னதில்லை, எப்படிச் சொல்வது, கையெழுத்து என்னுடையது. எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். அதுதான் தாங்கவில்லை. அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு வேண்டியிருந்தது என்பதே எனக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, துணி காயப்போடும்போதுதான் தெரிந்தது. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா, ஏதாவது சந்தேகமா?" என்றார் அந்த அதிகாரி. என் வாய் ஒன்றுமில்லைங்க என்று சொல்லப் போனது, நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அது போய்க்கொண்டே இருக்கிறது, ஆனால் வெளியே வந்தது வேறு. "இதை என்னால எழுத முடியலீங்க மேடம்." வயசான டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தர விருப்பமில்லையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "அப்படி இல்லைங்க. எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்கங்க. இந்த வரிதான் எழுத வரல. இது பொய்யுங்க. எனக்கு இதுல விருப்பம்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னே தெரியலீங்க" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது, ரொம்ப மெல்லிசாக, தையல் விட்டுப்போன மாதிரி. அந்த அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்த வரி இல்லாம எடுக்க எங்களுக்கு அனுமதி இல்லம்மா. அந்த வரிதான் எல்லாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பதினைந்து நாள் தள்ளிவைக்கிறோம், அப்போது வந்து தருகிறேன் என்றோ இல்லை என்றோ எது வேண்டுமானாலும் சொல்லலாம், இரண்டுமே சரிதான் என்றார். இரண்டுமே சரிதான். ஒன்று தப்பாக இருந்தால்தானே இன்னொன்றைப் பிடித்துக்கொள்ள முடியும். எழுந்தபோது சின்னப்பெண் கூடவே கதவுவரைக்கும் வந்தாள். "அக்கா, அவங்ககிட்ட நான் சொல்லிடறேன். இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி இருக்குன்னு சொல்லிக்கலாம்" என்றாள். என் தோளில் கை வைத்திருந்தாள், சூடான கை. சரி என்று தலை ஆட்டப் போனேன். பாதி ஆட்டியும்விட்டேன். "வேண்டாம்மா" என்றேன். "நானே சொல்லிக்கிறேன்."

கதவிலிருந்து அவர்கள் இருக்கிற இடத்துக்கு இருபது அடி இருக்கும். இருபது அடிக்குள் திரும்பி ஓடிவிடலாம் என்று எத்தனை தடவை தோன்றியது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "முடிஞ்சுதா கண்ணு?" என்றாள். "நான் எழுதிக் குடுக்கலம்மா" என்றேன். "என்ன எழுதல?" "என் விருப்பம்னு எழுதச் சொன்னாங்க. எழுதல. பதினஞ்சு நாள் தள்ளி வெச்சிருக்காங்க." அம்மாவுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது. முகம் புரிந்துகொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏண்டி, எல்லாந்தான் முடிவு பண்ணியாச்சே. உம்பட வாயில என்ன இருந்துது, ஆமான்னு சொல்றதுக்கு" என்றாள். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் முதுகு குலுங்கியது, அதைப் பார்க்காமல் இருக்க நான் தரையில் இருந்த அம்புக்குறியைப் பார்த்தேன், எக்ஸ்ரே இந்தப் பக்கம். என் வீட்டுக்காரர், "வீட்டுலயே சொல்லியிருக்கலாமில்ல சுகுணா" என்றார். "எனக்கு அப்பத் தெரியலீங்க" என்றேன். "உன் இஷ்டம்னு சொன்னேனே." "நீங்க சொன்னீங்க. கேட்கலீங்க." இதை நான் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது, இங்கே, எல்லார் முன்னாலேயும். சொல்லியிருக்க வேண்டும். தெரியவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன்.

அண்ணன் நாற்காலியை விட்டு எழவில்லை. எழ முடியாது. வீங்கின கால் இரண்டையும் நீட்டிவைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். மூன்று மாதத்தில் முதல் தடவை. கண்ணுக்குக் கீழே தோல் பையாகத் தொங்கியது. "இங்க வா பாப்பா" என்றார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரிடம் அந்த வாசனை வந்தது, இப்போதெல்லாம் அவர் மூச்சில் வருகிற அந்த மூத்திர நெடி. "நான் உன்னையக் கேக்கவே இல்ல" என்றார். "கேட்டா நீ மாட்டேன்னு சொல்லமாட்டே. அது எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கல. கேக்காம வாங்கிக்கிட்டா என்மேல பழி இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன் போல." பேசிவிட்டு மூச்சு வாங்கினார். "நானா இருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேன். ஆமான்னோ இல்லைன்னோ. உனக்கு வராது. சின்ன வயசுலருந்தே வராது. வராம இருக்கறதுக்கு நானும் ஒரு காரணம்." அவர் இப்படி எல்லாம் பேசுகிற ஆள் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. "இப்பக் கேளுங்ணா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஒரு மனுஷன் தன் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "உன்னோடதுல ஒண்ணு எனக்குத் தருவியா பாப்பா?" என்றார். "தருவா, ஏன் தராம என்ன" என்று அம்மா ஆரம்பித்தாள். "அம்மா" என்றார் அண்ணன், சத்தமில்லாமல். "அவளைக் கேட்டேன்."

யாரும் எனக்குப் பதிலாகப் பேசவில்லை. யாரைப் பார்ப்பது என்று கண் தானாகத் தேடியது, அம்மா, அண்ணி, அவர், ஒருத்தர் முகத்திலும் எழுதியிருக்கவில்லை. உள்ளே இறங்கித் தேடினேன். இருட்டாக இருந்தது. அவர்மேல் இருக்கிற பாசம் கையில் பட்டது, பெரியதாக, நிஜமாக. அதற்குப் பக்கத்திலேயே பயம், அதுவும் பெரியது. அதற்கும் கீழே, நான் எதிர்பார்க்காத இடத்தில், கோபம் ஒன்று கிடந்தது, எத்தனையோ வருஷத்துக் கோபம், அண்ணன்மேல், அம்மாமேல், பச்சைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சுகுணாமேல். இப்போது நான் மாட்டேன் என்று சொன்னால் அந்தக் கோபம் சொல்கிறதாகிவிடும். தருகிறேன் என்று சொன்னால் பழக்கம் சொல்கிறதாகிவிடும். இந்த இரண்டின் கையிலும் ஒரு உயிரை ஒப்படைக்க முடியாது. "தெரியலீங்ணா" என்றேன். "நெஜமாவே தெரியல. மறைக்கல. பதினஞ்சு நாளுக்குள்ள தெரியுமான்னும் தெரியல. தெரிஞ்சா நானே வந்து உங்ககிட்டச் சொல்றேன். எதுவா இருந்தாலும் உங்ககிட்டத்தான் முதல்ல சொல்வேன்." சொல்லும்போதே அழுதுவிட்டேன், மூக்கெல்லாம் ஒழுகியது, அந்தப் பக்கம் போன ஒரு நர்ஸ் நின்று பார்த்துவிட்டுப் போனாள். பதினைந்து நாள் அவர் உடம்பு தாங்குமா என்று ஒரு பக்கம் நினைப்பு ஓடுகிறது. தாங்காவிட்டால் அது நான் செய்தது. இனிமேல் எதுவானாலும் நான் செய்தது. அந்தப் பாரத்தைத் தள்ளிவிட இனி ஒருத்தரும் இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பு ஒடிகிற மாதிரி இருக்கிறது.

அண்ணன் தன் வீங்கின காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். "சரி" என்றார் கடைசியில். "இருக்கறேன்." காத்திருக்கிறேன் என்று சொன்னாரா, உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னாரா, நான் கேட்கவில்லை. அப்புறம், நாற்காலியின் கைப்பிடியில் இருந்த என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டு, "நாளைக்கு டயாலிசிஸ் இருக்குது. நாலு மணி நேரம். சும்மா கூட வந்து உக்கார்றியா? வேற ஒண்ணுத்துக்கும் இல்ல" என்றார். அண்ணி திரும்பிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார், கம்பெனிக்கு லீவு போடவேண்டும் என்று சொல்ல வந்திருப்பார். நான் யாரையும் பார்க்கவில்லை. கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். இதற்குப் பயமும் இல்லை, கோபமும் இல்லை.

"வர்றேன்" என்றேன்.